பதினோரு மணிப் புலி

1

இந்தக் கதை ஒரு வயிற்றுச் சத்தத்தில் பிறந்தது. மழை பெய்த சாயங்காலம், பழைய புகைப்படம், ரயில் பயணம் என்று கதைகள் பிறக்க எத்தனையோ கௌரவமான இடங்கள் இருக்கின்றன. என்ன செய்ய, எனக்கு வாய்த்தது வயிறு.

என் நாவல் ஒன்றை ஒலிப்புத்தகமாக்கிக்கொண்டிருந்தார்கள். எப்படி வருகிறதென்று பார்க்க ஒருநாள் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறையில், ஒரு பெண்மணி மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். அங்கே எல்லோரும் அவரைக் குரலம்மா என்றார்கள். இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். ஈ பறந்தாலும் கேட்டுவிடுவதால் அவருக்குப் பட்டப்பெயர் காது. எனக்கும் ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டார்.

கதாநாயகனின் அப்பா சாகிற இடம். நான் அழுதழுது எழுதிய பக்கம். "அப்பா கடைசியாக அவன் கையைப் பிடித்து..." என்று குரலம்மாவின் குரல் தணிந்தது. தணிந்த இடத்தில் "குர்ர்ர்" என்றது ஏதோ.

காது பதிவை நிறுத்தினார். "அக்கா, புலி வந்துடுச்சு."

"தெரியுதுடா. மணி பதினொன்னு ஆயிடுச்சா?"

"டாண்ணு வருது பாருங்க."

குரலம்மா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "ஏன் எழுத்தாளரே, சாகப்போற மனுசனுக்குக் கடைசியா ஒரு பசின்னு மாத்தி எழுதிக்கலாமா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.*

* நேரில் இவர்களை நான் மரியாதையாகத்தான் கூப்பிடுவேன். கதைக்குள் வந்துவிட்டால் அவள், அவன்தான். குரலம்மாவிடம் இதைச் சொன்னேன். "கதைக்குள்ளயாவது வயசு குறையட்டும்" என்றுவிட்டார்.

2

தொடக்கம் ஒன்று: அவள் ஜன்னலைத் திறந்தபோது விடியல் ஒரு

வேண்டாம். விடியலை எழுதினால் அடுத்து ஒரு பறவையைக் கொண்டுவர வேண்டியிருக்கும். அவள் வீட்டு ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள்தான் தெரியும்.

தொடக்கம் இரண்டு: பசி என்பது மனிதகுலத்தின் ஆதி உணர்ச்சி. அது

இதற்கு மேல் போயிருந்தால் நானே எழுந்து போயிருப்பேன்.

தொடக்கம் மூன்று: அவள் காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லை.

சரி, இதை வைத்துக்கொள்வோம். ஏன் சாப்பிடுவதில்லை? வறுமையா என்றால் இல்லை. உடம்பு இளைக்கவா என்றால் அதுவும் இல்லை. வெறும் வயிற்றில்தான் குரல் சுத்தமாக வரும் என்று தொழிலுக்கு வந்த புதிதில் யாரோ சொல்லிவிட்டார்கள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். காலையில் ஒரு டம்ளர் வெந்நீர், அத்தோடு சரி. அப்போது அவள் பேசியதெல்லாம் சோப்பு விளம்பரமும், லிப்ட்டுக்குள் 'கதவு மூடுகிறது' என்கிற அறிவிப்பும்தான். அதற்கெல்லாம் வெந்நீர் போதும். (அந்த லிப்ட்டைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக், இந்தக் குரல் யாருடையது என்று விசாரித்துக்கொண்டு வந்து அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். அது தனிக் கதை. இங்கே எழுத இடமில்லை.)

இப்போது தடிதடியான புத்தகங்கள். காலையில் உட்கார்ந்தால் மதியம் வரை வாசிக்க வேண்டும். வயிறு எத்தனை நாளைக்குப் பொறுக்கும்?

3

கதையில் ஒரு ஆபத்து வேண்டும் என்பார்கள். நான் தேடிப் போகவில்லை, அதுவே வந்தது. கம்பெனி நிர்வாகி அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஒரு புக்கை மெஷின் வாய்ஸ்ல போட்டுப் பார்த்தோம் மேடம். ஒரே மூச்சுல முடிச்சிடுச்சு."

"அதுக்கு மூச்சே கிடையாதே சார். அப்புறம் எங்க ஒரே மூச்சு?"

"வயிறும் கிடையாது. அதான் விஷயம்." நிர்வாகி கெட்டவர் இல்லை. சொல்லும்போது மேஜையைத்தான் பார்த்தார். "பதினோரு மணியானா பதிவை நிறுத்தறோம், திரும்ப எடுக்கறோம். தினமும் இதே கதை. அடுத்த வாரம் திங்கட்கிழமை காலைல ஒரு தடவைகூட நிறுத்தாம வாசிச்சுக் குடுத்துடுங்க. இனி வர்ற புத்தகமெல்லாம் உங்களுக்கு. இல்லேன்னா மேலிடத்துல மெஷினுக்குத்தான் போவாங்க. என் கையில ஒன்னும் இல்ல."

"சரி சார். ஒரு கை பார்த்துடறேன்," என்று எழுந்தாள்.*

* இந்த இடத்தில் அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். குரலம்மா படித்துவிட்டு அடித்துவிட்டார். "அழுதா மூக்கடைக்கும். மறுநாள் பதிவு கெட்டுடும். எங்க தொழில்ல அதெல்லாம் கட்டுப்படியாகாது."

4

இனி காலையில் ஏதாவது சாப்பிட்டுப் பார்ப்பதென்று முடிவு செய்தாள். முதலில் ஜாம் தடவிய ரொட்டி. சாப்பிட்டதும் குரல் துள்ளியது. ஆனால் புலி வழக்கத்தைவிட முன்னதாகவே வந்து நின்றது.

"இனிப்பு சர்ருன்னு மேல ஏத்திவிட்டு, அதே வேகத்துல கீழ இறக்கிவிட்டுடும்மா," என்றார் கணவர்.

"உங்களுக்கு எல்லாமே லிப்ட்டுதான்."

"லிப்ட்டுனாலதான நீயே கிடைச்ச."

அடுத்து, பால் ஊற்றிய கார்ன்பிளேக்ஸ். பால் தொண்டையில் போய்ப் படிந்துகொண்டது. அன்றைக்கு வாசித்தது காதல் காட்சி. "உன்னை, க்கும், என்னால் மறக்க, க்கும், முடியாது" என்று வந்தது. காது தலையில் கையை வைத்துக்கொண்டான்.

பிறகு எண்ணெயில் பொரித்ததை வயிறு முட்டச் சாப்பிட்டுப் பார்த்தாள். புலி வரவில்லை, தூக்கம் வந்தது. வில்லன் மிரட்டுகிற இடத்தில் ஒரு ஏப்பமும் வந்தது. வறுத்த கடலை பசி தாங்கியது. ஆனால் துகள் தொண்டையில் மாட்டி இருமவைத்தது. வேகவைத்த கொண்டைக்கடலை சாப்பிட்ட அன்று மதியம் வரைக்கும் பசி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால்

(இந்த வாக்கியத்தை முடிக்கக் குரலம்மா அனுமதிக்கவில்லை. "அக்கா, இது புலி இல்ல, வேற ஏதோ மிருகம்" என்று காது சொன்னதாக மட்டும் தகவல்.)

இங்கே எனக்கு ஒரு கட்டுரை எழுதும் ஆசை வந்தது. [நார்ச்சத்தும் புரதமும் ஒன்றாகச் சேரும்போது இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, அதனால் வெகுநேரம் பசியின்மை...] குரலம்மா இதையும் அடித்தார். "ஆஸ்பத்திரிச் சுவத்துல ஒட்டின மாதிரி இருக்கு. நான் என்ன சாப்பிட்டேன், என்ன ஆச்சு, அதை எழுதுங்க." அடித்தாலும் விஷயம் உண்மைதான். பசி தாங்க என்ன வேண்டும் என்று எல்லா மருத்துவர்களும் சொல்கிறார்கள். மைக்குக்கு முன்னால் உட்காருகிறவள் என்ன சாப்பிடலாம் என்று ஒருவரும் சொல்வதில்லை. வயிறு நிறைய வேண்டும், தொண்டை கெடக் கூடாது, மூச்சு முட்டக் கூடாது, உள்ளே போனது வாயைத் திறக்கவே கூடாது. இப்படி ஒரு சாப்பாட்டுக்கு எங்கே போவது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள். கணவர் பக்கத்தில் வந்தார்.

"விடேன்மா. வேற ஏதாவது வேலை பார்த்துக்கலாம்."

"வேற வேலையா? எனக்கு வாசிக்கிறதுதான் வரும். வாசிக்கிறதுதான் பிடிக்கும். கண்ணு தெரியாதவங்க, பஸ்ஸுல நின்னுட்டே போறவங்க, தூக்கம் வராதவங்க, எத்தனை பேர் கேட்கறாங்க தெரியுமா? என் வயிறு கத்துதுன்னு நான் வாயை மூடிக்கணுமா? முடியாதுங்க. தலைகீழா நின்னாலும் முடியாது."

"அப்ப எழுந்திரு. கடைக்குப் போயிட்டு வரலாம்," என்றார் அவர்.

5

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. வீட்டில் சத்தம் புகாத இடம் துணி அலமாரி ஒன்றுதான். கதவைத் திறந்து, தொங்குகிற சட்டைகளுக்கும் புடவைகளுக்கும் நடுவில் முக்காலி போட்டு அவள் உட்கார்ந்துகொண்டாள். கணவர் தரையில் உட்கார்ந்து, காது செய்கிற வேலையைத் தான் செய்வதாகச் சொல்லிக் காதைத் தீட்டிக்கொண்டார்.

அன்று காலையில் அவள் சாப்பிட்டது இதுதான்: தண்ணீரிலேயே குழைய வேகவைத்த ஓட்ஸ், பால் இல்லை. இரண்டு அவித்த முட்டை. ஒரு ஆப்பிளைத் துண்டுபோட்டு, மெத்தென்று ஆகும்வரை ஓட்ஸோடு சேர்த்தே வேகவைத்திருந்தாள். விடிந்த கையோடு சாப்பிட்டாள், அவசரமில்லாமல் மென்று. அவசரமாக விழுங்கினால் காற்றும் சேர்ந்து உள்ளே போகும், அதுதான் பிறகு பேசும் என்று இந்தப் பாடுபட்டதில் தெரிந்துகொண்டிருந்தாள். சாப்பிட்டதும் கிளம்பி ஓடவில்லை. துணி மடித்தாள், தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தாள்.

வாசித்தாள். பத்து மணி போயிற்று. பத்தரை போயிற்று. பதினொன்றை நெருங்கும்போது குரலை வேண்டுமென்றே தணித்தாள்.

"குர்ர்ர்."

புத்தகத்தை மடியில் போட்டாள். "போச்சு! எல்லாம் போச்சு!"

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"சொல்லுங்களேன். எவ்வளவு சத்தமா கேட்டுச்சு?"

"ரொம்பக் கேட்டுச்சு. ஆனா அது நீ இல்லம்மா." வயிற்றைத் தடவிக்கொண்டார். "நீ சாப்பிடறதையே பார்த்துட்டிருந்தேனா, நான் சாப்பிட மறந்துட்டேன்."

சட்டைகளுக்கு நடுவிலிருந்து அவள் சிரித்த சிரிப்பில் ஒரு ஹேங்கர் கழன்று விழுந்தது. பிறகு தன் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். அது பேசாமல் இருந்தது. பசியே இல்லை. வெறும் வயிற்றோடு வாசித்த நாட்களில் பதினோரு மணிக்கு அவளுக்குத் தலை சுற்றும். இன்று சுற்றவில்லை. வெறும் வயிறு குரலைச் சுத்தம் செய்யவில்லை, தன்னைத்தான் காயப்போட்டது என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தோடே எழுந்து போய்க் கணவருக்கு முட்டை அவித்தாள்.

6

இனி முடிவு. நான் மூன்று எழுதினேன்.

முடிவு அ: திங்கட்கிழமை புலி வந்துவிடுகிறது. ஆனால் அவள் வாசித்துக்கொண்டிருப்பது பசித்த ஒருத்தியின் கதை. சத்தம் அந்த இடத்துக்கு அப்படியே பொருந்திப்போகிறது. நிர்வாகி கண்கலங்கி, "எந்த மெஷினால இது முடியும்!" என்கிறார்.

எனக்கு இது பிடித்திருந்தது. குரலம்மாவுக்கு வந்ததே ஆத்திரம். போனிலேயே பிடித்துக்கொண்டார்.

"என் பசிக்கு வேஷம் கட்டி விக்கப் பார்க்கறீங்களா? அப்புறம் தினமும் பட்டினியா வாங்கன்னு சொல்லுவான் அந்த ஆளு. எனக்குச் சாப்பாடு வேணும் எழுத்தாளரே, கைதட்டல் வேணாம்."

முடிவு ஆ: கரண்ட் போய் மெஷின் நின்றுவிடுகிறது. "அது விழுந்ததால நான் ஜெயிச்சேன்னு இருக்கணுமா? நான் நல்லா வாசிச்சதால ஜெயிக்கக் கூடாதா?" என்றார்.

முடிவு இ: வேலையை இழந்து, காலைச் சாப்பாட்டுக் கடை வைத்து, ஓகோவென்று

"எனக்குச் சமைக்கவே வராது. கேட்டுப் பாருங்க எங்க வீட்டுக்காரரை."

கதை கந்தலாகிவிட்டது. "அப்போ நீங்களே சொல்லுங்க, எப்படித்தான் முடிக்கிறது?" என்று கேட்டேன்.

போனில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார். "திங்கட்கிழமை எதை வேணும்னாலும் வாசிக்கலாம்னு நிர்வாகி சொல்லியிருக்காரு. உங்க சிறுகதைகளைத்தான் எடுத்திருக்கேன். இந்தக் கதையையும் குடுங்க. பதினோரு மணிக்கு இதோட கடைசிப் பக்கம் வர்ற மாதிரி அடுக்கிக்கறேன். அந்தப் பக்கத்துல ஒரு நல்ல நீளமான மௌனம் எழுதுங்க."

"பதினோரு மணிக்கா? மௌனமா? விஷப்பரீட்சைங்க அது. வேணும்னா அந்த இடத்துல ஒரு இடி, மழைன்னு சத்தமா ஏதாவது..."

"ஒன்னும் வேணாம். இத்தனை வருசம் பதினொன்னுன்னாலே குரலை ஏத்தி, வேகமா வாசிச்சு, அதுகிட்டருந்து ஓடியே பழகிட்டேன். இந்தத் தடவை உட்கார்ந்து பார்க்கப்போறேன். வர்றதுன்னா வரட்டும். நான் சாப்பிட்டுட்டு வர்றேன்."

7

ஆகையால், வாசகரே, இந்தக் கதையின் முடிவு எனக்குத் தெரியாது. நான் இதை எழுதுவது ஞாயிறு சாயங்காலம். நீங்கள் இருப்பது திங்கட்கிழமைக்கு அந்தப் பக்கம். என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு. அவள் விடிந்ததும் அடுப்பைப் பற்றவைப்பாள். ஓட்ஸ் குழையும். கணவருக்கும் சேர்த்து முட்டை அவியும். மெதுவாக மென்று சாப்பிடுவாள். சின்ன அறையின் கதவு மூடும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காதும் நிர்வாகியும் ஹெட்போன் மாட்டிக்கொள்வார்கள். ஒரு கதை, இன்னொரு கதை, பிறகு இது. மணி பதினொன்று ஆகும்போது அவள் இந்த வரிக்கு வருவாள்.

குரலம்மா, இங்கே நிறுத்துங்கள். தாளைப் புரட்ட வேண்டாம். காது, நீங்கள் எதையும் வெட்டாதீர்கள்.

.

.

.

இதை நீங்கள் அச்சில் படித்துக்கொண்டிருந்தால், திங்கட்கிழமை என்ன ஆயிற்று என்பதை உங்கள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளுங்கள். காதால் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். மேலே அந்த இடத்தில் "புள்ளி, புள்ளி, புள்ளி" என்று கேட்டதென்றால், அவள் வேலை மெஷினுக்குப் போய்விட்டது. ஒன்றுமே கேட்காமல், யாரோ ஒருத்தி நிதானமாக மூச்சு விடுவது மட்டும் கேட்டதென்றால், அது அவள்தான்.

நடுவில் "குர்ர்ர்" என்று கேட்டதா? அவசரப்பட்டு அவள்மேல் பழி போடாதீர்கள். அவள் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

நீங்கள்?