ஒரே இணைப்பில் இரண்டு வீடு

கொட்டாரத்தில் விக்டோரியாவும் லிஜியும் பக்கத்து வீட்டுக்காரர்கள். பிராட்பேண்ட் இணைப்பு விக்டோரியாவின் வீட்டில் இருந்தது. 2009-இல் அவள் வீட்டு மோடத்திலிருந்து சுவருக்கு மேலே ஒரு கேபிளை இழுத்து, லிஜியின் கணினிக்கும் கொடுத்தார்கள். இருவரின் கணவன்மாரும் கத்தாரில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. அதனால் இரண்டு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் வீடியோ அழைப்பு வரும். இரண்டு திரையிலும் முகங்கள் அசையாமல் நின்றுவிடும்.

"ஏட்டி லிஜி, கொஞ்ச நேரம் நிறுத்துட்டி! இவரு வாயத் தொறந்தபடியே நிக்காரு!" என்று விக்டோரியா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு மொகமே வரல்ல அக்கா!"

ஒரு வெள்ளிக்கிழமை லிஜி பொறுமையிழந்து கணினியை அணைத்துவிட்டு, நேரிலேயே சண்டை போடப் போனாள். விக்டோரியாவின் திரையில் படம் இப்போது தெளிந்திருந்தது. அவள் கணவன் பெனின் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து, "ஹலோ, லிஜி, கேக்குதா?" என்று மடிக்கணினியிடம் கத்திக்கொண்டிருந்தவன் லிஜியின் கணவன் ஜெஃப்ரின்.

"நல்லா கேக்குது! இந்தப் பக்கம் திரும்பிப் பாருங்க!" என்றாள் லிஜி.

ஜெஃப்ரின் துள்ளி எழுந்தான். அந்த வாரம்தான் அவனைப் பெனினின் அறைக்கு மாற்றியிருந்தார்கள். அதைச் சொல்லத்தான் காலையிலிருந்து முயன்றுகொண்டிருந்தான். நான்கு பேரும் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது.

அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் விக்டோரியாவின் வீட்டில் நான்கு பேருக்கும் ஒரே அழைப்புதான். கடைசிப் பத்து நிமிடம் மட்டும் விக்டோரியா மீன் கழுவ அடுக்களைக்குப் போவாள். கத்தாரில் பெனினும் குளிக்கக் கிளம்பிவிடுவான்.