எரியாத பல்பு

முன்னால் போட்ட சோபாவில் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த மூவர். பக்கத்தில், நாற்காலியின் நுனியில் தலைமையாசிரியர். சன்னலோரம் படம் பிடிக்கக் கைபேசியுடன் கணக்கு சார். தரையில் வட்டமாக ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். நடுவில் பல்பு, பேட்டரி, இரண்டு கம்பிகள். நான் கரும்பலகையோரம் நின்றேன். எனக்கு நாற்காலி போடவில்லை.

பாடத்தை அமைத்தது நான். பொருளைக் கையில் கொடுத்துவிட்டு ஆசிரியர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளே தப்பாக இணைத்து, சண்டை போட்டு, கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான். நான் விடுப்பில் இருந்த வாரம் தலைமையாசிரியர் அதற்கு ஒத்திகை நடத்தியிருக்கிறார். யார் முதலில் தப்பு செய்வது, யார் தாடையைச் சொறிந்து யோசிப்பது, எப்போது எல்லோரும் வியப்பது என்பதுவரை மனப்பாடம்.

கம்பி தொட்டது. பல்பு எரியாமல் அப்படியே இருந்தது.

"ஐ, எரியுது" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. மூவரும் கைதட்டினார்கள்.

பல்பைப் பிடித்திருந்த சிறுமி மட்டும் அதைத் திருப்பிப் பார்த்தாள். "எரியல மிஸ்."

பக்கத்திலிருந்தவன் கிள்ளினான். "சொல்லுடி, எல்லாரும் சொல்லியாச்சு."

"எரியுது" என்றாள், என்னைப் பார்த்துக்கொண்டே.

விருந்தினர்கள் போனபின் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். "எல்லாப் பள்ளிக்கும் இந்தப் பாடத்தை அனுப்பப் போறாங்க டீச்சர், உங்க பேரைப் போட்டு. சம்மதம்னு அவங்களுக்கு ரெண்டு வரி எழுதிப் போடுங்க."

"பல்பு எரியவே இல்லையே சார்."

"பல்பு எரிஞ்சா என்ன, எரியாட்டி என்ன? பசங்க மூஞ்சியில வெளிச்சம் வந்துச்சுல்ல."

"வாயாலயே எரிய வச்சாச்சு. கரண்டும் மிச்சம்" என்றார் அங்கே நின்றிருந்த கணக்கு சார்.

தலைமையாசிரியர் சிரித்து, விரலில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளை நக்கினார். அந்த ஈர விரலாலேயே, கல்வி அலுவலக முகவரி எழுதிய ஒரு உறையை என் பக்கம் தள்ளினார்.

வகுப்பில் அந்தச் சிறுமி பேட்டரியோடு காத்திருந்தாள். "இதுல நேத்தே உயிர் இல்ல மிஸ். ஒத்திகையிலயே தீந்துபோச்சு."

"பெரிய சார்கிட்ட சொல்லலியா?"

"சொன்னேன். அப்பவும் எரியுதுன்னே சொல்லச் சொன்னாரு."

ரெண்டு வரிதான் எழுதினேன். பல்பு எரியவில்லை. என் பெயரைப் போட வேண்டாம். பேட்டரியையும் உள்ளே போட்டேன். உறையை நாக்கால் ஒட்ட மனம் வரவில்லை. ஈரத் துணியால் தடவி அழுத்தினேன்.

தபால் அலுவலகத்தில் எழுத்தர் உறையை ஆட்டிப் பார்த்தார். "உள்ள என்னமோ உருளுதே?"

"பேட்டரி."

"வேலை செய்யுமா?"

"செய்யாது."

அவர் ஒருமுறை என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு முத்திரையைக் குத்திப் பின்னாலிருந்த சாக்கில் எறிந்தார். கடிதங்களுக்கு நடுவே அது மட்டும் கனமாக, சத்தத்தோடு விழுந்தது.