றுமைஸாவின் கிணறு

தாய் தன் வீட்டு வளவைச் சீதனமாக இரண்டாய்ப் பிரித்தபோது, மகள்கள் இருவருக்கும் ஆளுக்கொரு கிணறு வந்தது. ஆனாலும் காத்தான்குடியின் அந்தச் சின்னத் தெருவில், ஒழுங்கைச் சனம் முழுக்க மூத்தவள் ராத்தா றஸீனாவின் கிணற்றடிக்குத்தான் குடத்தோடு போகும். நோன்புக் கஞ்சிக்கும் அந்தத் தண்ணீர்தான் வேண்டுமாம். தங்கை றுமைஸாவுக்கு வயிறு எரியும். ஒரே மண், ஒரே ஊற்று. என் தண்ணீர் மட்டும் கசக்கிறதா?

சந்தியிலிருந்த பெற்றோல் செட்டின் நிலத்தடித் தாங்கி கசிந்து, ராத்தாவின் கிணறு பெற்றோல் மணக்கத் தொடங்கியது. அல்லாஹ் மன்னிக்கட்டும், றுமைஸாவுக்கு உள்ளம் குளிர்ந்துதான் போனது.

நீர் ஆய்வு அதிகாரி ஹமீட் வந்து, எல்லாக் கிணறுகளிலும் போத்தலில் தண்ணீர் எடுத்துப் போனார். முடிவு வரும்வரை குடிப்பதற்கென்று ராத்தாவின் வாசலில் பெரிய தண்ணீர்த் தாங்கி வைத்து, பவுசர் வண்டியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினார்கள். பிறகென்ன, சனம் திரும்பவும் அங்கேதான். கிணறு கெட்டும் அவளுக்கு மவுசு குறையவில்லையே! றுமைஸா பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. ஹமீட்டுக்கு அழைப்பெடுத்தாள்.

"என்ட கிணத்திலயும் இப்ப மணக்குது. எனக்கும் ஒரு தாங்கி தாங்க."

"நாளைக்கு வாறன் தங்கச்சி, பாப்பம்."

பார்க்க வருகிறவருக்கு மணக்க வேண்டுமே. மறுநாள் காலை, கணவனின் தோணி இஞ்சினுக்கென்று வைத்திருந்த மண்ணெண்ணெய்க் கேனைத் தூக்கிக் கிணற்றில் சரித்தாள்.

ஹமீட் சிரித்த முகத்தோடு வந்தார். கூடவே ராத்தாவும் வெறுங்குடத்தோடு வந்தாள்.

"முடிவு வந்திட்டு," என்றார் ஹமீட். "நிலத்துக்குக் கீழ தண்ணி வாவிப் பக்கம் ஓடுது. பெற்றோலும் அதோடதான் போயிருக்கு. உங்கட கிணறு அதுக்கு விலத்தி இருக்கு. இந்த ஒழுங்கையில சுத்தமான கிணறு இது ஒண்டுதான். இனி எல்லாரும் இஞ்சதான் அள்ளோணும்."

"நான்தான் முதல் குடம்," என்று ராத்தா சந்தோசமாக வாளியை இறக்கினாள். றுமைஸா எட்டிக் கயிற்றைப் பிடிப்பதற்குள் வாளி தண்ணீரில் விழுந்தது.

வாளி மேலே வந்தது. ஹமீட் குனிந்து மணந்தார்.

"இது பெற்றோல் இல்லயே. மண்ணெண்ண."

ராத்தா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். வாளித் தண்ணீரை மண்ணில் ஊற்றிவிட்டு, தன் குடத்தை அவள் கையில் கொடுத்தாள்.

"பிள்ளையள் பள்ளி விட்டு வந்தா தண்ணி கேக்குங்கள். என்ட தாங்கியில வந்து அள்ளு."

ஏசியிருந்தால் பொறுத்திருப்பாள். ராத்தாவின் வாசலில், ஒழுங்கைச் சனத்துக்குப் பின்னால், குடத்தோடு போய் நின்றாள் றுமைஸா.