குதிரைக்கு வைத்த தண்ணீர்

1

இந்தக் கதை எனக்குச் சாலையோர ஒட்டுக்கடை ஒன்றில் கிடைத்தது. செலண்டார் ஊரில் மீ கோரேங் நூடுல்ஸ் தின்றுகொண்டே கவிநேசன் புலம்பியது. சுகாதார இலாகாவில் கொசுப்புழு தேடி அழிப்பது அவன் வேலை.

"ஒரு குழிய மூட முடியலண்ணே. மூடுனா புருஷன் செத்துருவாருன்னு அந்தக்கா நம்புது. மூடலன்னா வேற எவனாச்சும் போய்ச் சேருவான்."

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: பனி படர்ந்த ரப்பர் தோட்டத்தில், அதிகாலையின்

(அடித்துவிட்டேன். அந்நேரத்தில் அங்கே பாலுக்கு மரத்தைக் கீறி வெட்டியவன் நான். பனியை யார் பார்த்தது? கொசு அடிக்கவே கை போதாது.)

நேராகச் சொல்கிறேன். காட்டோரத்தில் பால்மரம் வெட்டும் பிச்சைமுத்துவுக்கு மலேரியா; குரங்கிடமிருந்து கொசு கொண்டுவரும் வகை. பெரிய மருத்துவமனையில் கண் திறக்காமல் கிடக்கிறார். மனைவி மோகனா தோட்டத்து முனியாண்டி சாமியிடம் வேண்டிக்கொண்டாள்: அவர் நடந்து வீடு வரும்வரை சாமியின் சிமெண்டுக் குதிரைக்குத் தாகம் தெரியக்கூடாது. குதிரைக்கு முன்னால் குழி வெட்டி நீர் நிரப்பி வந்தாள். மரநிழலில் தேங்கிய நீர். மலேரியாக் கொசு முட்டையிட வேறென்ன வேண்டும்?*

* மற்றக் கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்கும். இது நீரின்மேல் படுத்தபடி கிடக்கும். கவிநேசன் கரண்டியில் மொண்டு காட்டியபோது மோகனா சொன்னாள்: "பாவம், தூங்குது."

3

மோகனாவை ஒரு முட்டாளாக எழுதிப் பார்த்தேன். அந்தத் தாள் குப்பையில் கிடக்கிறது. அவளே பேசட்டும்.

"மருந்து போடறேன்க்கா. புழு மட்டுந்தான் சாகும்."

"குதிர குடிக்கிற தண்ணியிலயா? உன் வீட்டு நாய்க்குப் போடுவியா?"

"சிமெண்டுக் குதிரக்கா!"

"அப்ப என் வேண்டுதலும் சிமெண்டா?"

"மூடியாச்சும் போடுங்க."

"மூடி போட்டா எப்படிலா குடிக்கும்?"

கவிநேசன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். சிரித்த வாயோடு அழுதாள். "அவருக்கு மூச்சு ஓடுறதே இந்தத் தண்ணியிலதான் தம்பி."

"தெரியும்க்கா. ஆனா பக்கத்து நெரையில உங்க தங்கச்சி புருஷன் பால்மரம் வெட்டுறாரு."

அவள் குழியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

4

ஒரு முடிவு: அவள் இல்லாத நேரம் கவிநேசன் மருந்தைத் தூவிவிடுகிறான். (வேலை முடியும். அப்புறம் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?)

இன்னொன்று: பிச்சைமுத்து குணமாகி வந்து, குழியைத் தன் கையாலேயே

(பொய். எனக்கு வசதியான பொய்.)

பிறகொரு நாள் கவிநேசன் பார்த்து வந்து சொன்னது இதுதான். மோகனா அவன் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக் குழியை அவளே மூடினாள், மிதித்து இறுக்கினாள். பிறகு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து குதிரையின் வாயில் நேராக ஊற்றினாள். தாடையில் வழிந்து, மார்பில் இறங்கி, மண்ணுக்குள் போனது. எங்கும் தேங்கவில்லை.

"இனிமே நானே ஊட்டிவிடறேன்," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

காலையும் மாலையும் ஊட்டுகிறாள். பிச்சைமுத்து இன்னும் கண் திறக்கவில்லை. அவர் நடந்து வரும் வரியை எழுத உட்கார்ந்தால் பெயருக்குமேல் எனக்கு ஓடவில்லை. நம்பிக்கை உள்ளவர்கள் எழுதுங்கள், இடம் விட்டிருக்கிறேன்:

பிச்சைமுத்து