பதில் வணக்கம்

முதல் உலகப் போரில் நாங்கள் தோற்ற மறுவருஷம், பிரெஞ்சுக் கர்னலைக் கண்டு தொப்பியை உயர்த்திய திராட்சைத் தோட்டக்காரர் ஹூபர்ட் க்ளூட்ஷ், தொப்பியோடு தாமும் உயர்ந்து மாதா கோயில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். தவறு ஆணையில் இருந்தது. ரைன் கரையைப் பிடித்து உட்கார்ந்திருந்த படை, அரைகுறை ஜெர்மனில் சுவரெல்லாம் ஒட்டியிருந்தது: அதிகாரியைக் கண்டால் ஆண்கள் தொப்பியை உயர்த்த வேண்டும், அவர் பதில் வணக்கம் செய்யும்வரை உயர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். எங்கள் ஊரில் ஆணை என்றால் ஆணை. கர்னல் பர்தினேயோ தோற்றவனுக்குப் பதில் வணக்கம் செய்கிற ஜாதி இல்லை. வாரம் முடிவதற்குள் ரொட்டிக்கடைக்காரர், தபால்காரர் என்று ஆண்கள் ஒவ்வொருவராக மேலே கிளம்பினார்கள். கெய்சரின் படத்துக்கே தொப்பி தூக்கிப் பழகிய மேயர் பழக்கதோஷத்தில் மேகத்துக்குள்ளேயே போய்விட்டார். அலுவலக வேலை ஒன்றும் தடைபடவில்லை.

க்ளூட்ஷின் மகள் லீஸ்பெத்துக்குச் சனிக்கிழமை கல்யாணம். அப்பா கைபிடித்துக் கூட்டிப்போகாமல் கோயிலுக்குள் நுழைய மாட்டேன் என்று அவள் அழுதாள்.

"தொப்பிய விட்டுட்டுக் குதிங்கப்பா!"

"ஆணைய மீறச் சொல்றியாடி?" என்றார் மேலேயிருந்து.

அவர் மனைவி பில்லா கர்னலிடம் போனாள். "கைய நெத்திக்குக் கொண்டுபோனா சுளுக்கிக்குமா ஐயா?"

"பிரான்சின் கௌரவம் இருக்கிறது அம்மா."

"இருக்கட்டும், பத்திரமா வச்சுக்குங்க. கல்யாணத்துக்கு வந்து ஒரு துண்டு கேக்காவது சாப்பிடுங்க."

செப்டம்பரில் வெட்டவெளியில் பிளம் கேக் தின்னக் கூடாதென்று எங்கள் ஊர்க் கைக்குழந்தைக்கும் தெரியும். பாரிஸ்காரருக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை கோயில் வாசலில் அவர் முதல் வாய் வைத்ததும் குளவிகள் வந்தன. ஒன்று நெற்றியில் உட்கார, கர்னலின் வலது கை தானாக அங்கே போயிற்று. வணக்கம் வணக்கம்தான், வானத்திலிருந்து மொத்த ஆண்களும் பொத்துப்பொத்தென்று விழுந்தார்கள். க்ளூட்ஷ் விழுந்த இடம் சாறு பிழியும் தொட்டி. ஊதாநிறக் கோட்டோடு எழுந்து வந்து மகளின் கையைப் பிடித்தார். மணி அடித்தது, ஊரே உள்ளே போயிற்று. வாசலில் நெற்றியில் கைவைத்தபடி நின்ற கர்னலுக்குப் பதில் வணக்கம் செய்ய யாருக்கும் நினைவில்லை. அவரும் மேலே கிளம்பினார்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே," என்றாள் பில்லா.

பல வருஷம் கழித்துப் படை ஊரைக் காலிசெய்தபோதும் அவரை இறக்குவது எந்த இலாகாவின் பொறுப்பென்று முடிவாகவில்லை. எங்களுக்கு இடைஞ்சல் இல்லை. காற்று எந்தப் பக்கம் என்று அவருடைய பூட்ஸைப் பார்த்துத் தெரிந்துகொண்டுதான் துணி காயப்போடுகிறோம்.