முதல் கூடை விழும் வரை

கோர்டெல் இம்முறையும் பந்தை எறியாமல் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டான். அந்த ஆள் வீசியது கூடையிருக்கும் திசையைக்கூட விசாரிக்காமல் போய்விட்டது. கூடைப்பந்து அரங்கம் பெருமூச்சு விட்டது, நின்றபடியே. ஒஹையோவின் அந்த இரும்பாலை நகரத்தில், சொந்த அணி முதல் கூடை போடும்வரை யாரும் உட்காருவதில்லை. போன வருடம் ஒருநாள் அது எவ்வளவு தாமதமானதென்றால், நின்ற நிலையிலேயே ஒரு ஜோடிக்கு நிச்சயமாகி, உட்காருவதற்குள் முறிந்தும் போனது. பெண் வீட்டார் இன்னமும் அதே வரிசையில்தான் டிக்கெட் வாங்குகிறார்கள்.

வெர்லீன் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் டிராஃப்டில் அணிகள் வரிசைகட்டிக் கல்லூரிப் பையன்களைப் பொறுக்கியபோது, அவள் மகன் கோர்டெலை இந்த ஊர் இரண்டாவது ஆளாக எடுத்தது. ஊருக்கே பித்துப் பிடித்தது. முடிவெட்டும் கடைக்காரர், பையன் குனியாமல் வரட்டுமென்று வாசல்நிலையை இடித்து உயர்த்தினார். இப்போது அந்த வழியாகப் பனிக்காற்றுதான் குனியாமல் வருகிறது. மூன்றாவதாகப் போன பையனோ வேறு ஊரில் கூடை கூடையாகக் கொட்டுகிறான். வீரர்களை அணிகள் மாற்றிக்கொள்ள நாளை மாலை கெடு. கோர்டெலைத் தள்ளிவிடுவார்கள் என்று காலையிலிருந்து வானொலியில் பேச்சு. எந்த ஊருக்கும் அவள் பெட்டி கட்டத் தயார். ஆனால் உதவாக்கரை என்ற பெயரோடு போனால் பிள்ளை இனி எங்கேயும் பந்தெறியக் கையைத் தூக்கமாட்டானே.

"ரெண்டாவதா எடுத்தது எதுக்கு? தபால்காரன் வேலைக்கா?" பின்வரிசையில் ஸ்டான் என்ற கிழவர் கத்தினார். "வாங்குறான், குடுக்குறான், வாங்குறான், குடுக்குறான்!"

"அவன் ஒழுங்காத்தான் குடுக்குறான். வாங்குறவனுக்குப் போடத் தெரியலேன்னா?" என்றாள் அவர் மனைவி டோரிஸ்.

"நீ சும்மாயிருடி. ஏம்மா, நீங்க சொல்லுங்க. இவன் தேறுவானா?"

வெர்லீன் திரும்பினாள். கிழவரின் முட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. "ஐயா, நீங்க உட்காருங்க. யாரும் தப்பா நினைக்கமாட்டாங்க."

"உட்கார்ந்தா அவன் போடமாட்டான்னு ஒத்துக்கிட்டதா ஆயிடும்மா. திட்டுறதுக்கு எனக்கு உரிமை வேண்டாமா? நீங்க வேணா உட்காருங்க. எனக்குக் கூடை மறைக்குது. என்ன உயரம்டா சாமி!"

டோரிஸ் அந்த உயரத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு பொத்தானைப் பிடித்திருந்த நீண்ட விரல்களைப் பார்த்தாள். கணவரின் விலாவில் ஓர் இடி இடித்தாள்.

ஸ்டான் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சின்னதுல பயப்படமாட்டான்," என்றாள் வெர்லீன், கூடையைப் பார்த்தபடி. "இப்பத்தான்."

பந்து மறுபடி கோர்டெலிடம் வந்தது. அவன் இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். கொடுக்க ஆளில்லை.

"போடுடா தம்பி!" கிழவர் குரல் உடைந்தது. "போகலேன்னாலும் போடு!"

போட்டான். பந்து வளையத்தின் விளிம்பில் ஏறிச் சுற்றத் தொடங்கியது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. ஆயிரமாயிரம் பேர் இடுப்பு நாற்காலியை நோக்கிப் பாதி இறங்கி, முட்டி மடங்கி, அப்படியே நின்றார்கள். வெர்லீன் மட்டும் நுனிக்காலில் எழும்பினாள்.

கிழவர் கூடை மறைக்கிறதென்று சொல்லவில்லை.