கையேட்டின் மூன்றாவது குறிப்பு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எட்டுப் பக்கமாக மடித்த ஒற்றைத் தாளிலிருந்து வந்தது. புதுச் சைக்கிள் வாங்குபவர்கள் பெட்டியைப் பிரித்ததும் அட்டையோடு சேர்த்து ஓரமாகத் தள்ளிவிடுவார்களே, அந்தக் கையேடு. அதை எழுதுவதுதான் பதினோரு வருடமாக என் பிழைப்பு. எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், எதை எப்போது மாற்ற வேண்டும், எதைச் செய்யவே கூடாது. கதை எழுதிப் பழக்கமில்லை. அதனால் மூன்று நாளாகத் தொடக்கத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"கறுப்பு மின்னலாக அந்தச் சைக்கிள் சரிவில் பாய்ந்து—"

(விளம்பர வாடை அடிக்கிறது.)

"என் தம்பி சாகவில்லை. அதை முதலில்—"

(உண்மைதான். ஆனால் படிப்பவர் அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். அந்த வசதியைத் தர எனக்கு மனமில்லை.)

"ஒரு வாக்கியத்தை வெட்ட எனக்கு எட்டு நிமிடம்—"

(இதற்கு இன்னும் தைரியம் வரவில்லை.)

அலுவலகமாக இருந்தால் இந்த மூன்றையும் அழித்துவிட்டு நாலாவதை மட்டும் காட்டுவேன். சுருக்கி எழுதுவதில் கெட்டிக்காரி என்று எனக்கு அங்கே பெயர். இந்தக் கதையில் எதையும் அழிப்பதாக இல்லை. அரைகுறை வாக்கியங்கள் அப்படியே கிடக்கும். காலில் இடறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

சைக்கிளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மற்றது புரியாது.

காட்டுப்பாதையில், கல்லிலும் வேரிலும் ஓட்டுகிற, எங்கள் கம்பெனியின் மலைச் சைக்கிள் அது. கல்லில் ஏறும்போது சக்கரம் அமுங்கி மேலே வரும் தூரத்தை எங்கள் ஆட்கள் டிராவல் என்பார்கள். பெரிய மலைச் சைக்கிள்களில் அது ஒரு சாண் இருக்கும். எங்களுடையதில் பின்பக்கம் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான். குறைவாக அமுங்குவதால் மிதிக்கிற பலம் வீணாகாது. இறக்கத்தில் தரையின் மேடுபள்ளம் ஒவ்வொன்றும் கைக்கு வந்து சேரும். அதுதான் சுகம் என்பான் தம்பி.

ஃபிரேம் முழுக்க கார்பன். கரி இழைத் துணியைப் பசையில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டி, சூட்டில் இறுக்கியது. இரும்பு அடிபட்டால் நெளியும்; பார்த்தாலே தெரிந்துவிடும். கார்பன் அமுக்கமான ஆள். உள்ளே அடுக்கு பிரிந்திருந்தாலும் வெளியே பளபளவென்று சிரித்துக்கொண்டிருக்கும்.

இந்த வருடம் அதைத் திருத்தி வடிவமைத்திருக்கிறார்கள். மாற்றங்களின் பட்டியல் என் மேசைக்கு வந்தது. இருபத்தாறு வரிசை, ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம். சீட்டுக் குழாய் குட்டை: உயரம் குறைந்தவர்களுக்கு வசதி. ஷாக் அப்சார்பர் நாலு விரல் கீழே: தண்ணீர் பாட்டிலுக்கு இடம். முன் சக்கரத்தைத் தாங்கும் கவை இன்னும் கொஞ்சம் சாய்வு: இறக்கத்தில் நிதானம். பதினோராவது வரிசை, ஹேண்டில்பாரிலிருந்து பெடலுக்கு இறங்கும் கீழ்க்குழாயின் அடிப்பக்கம் இரண்டு அடுக்கு கூடுதல். காரணம் என்ற கட்டத்தில் இரண்டே சொல்: பயன்பாட்டுப் புகார்.

அந்தப் பயன்பாட்டுப் புகார் என் தம்பி. இப்போது அடுத்த அறையில் படுத்திருக்கிறான்.

4

இந்தக் கதையின் முதல் பிரதியில் ஒரு வில்லன் இருந்தார். எங்கள் மேலாளர். அவருக்கு ஒரு தங்கப் பேனாவும் சிடுசிடுப்பும் கொடுத்து, "இந்த வரி வாங்குறவங்களைப் பயமுறுத்தும், தூக்கிடுங்க" என்று அதட்ட வைத்திருந்தேன். நிஜத்தில் அவர் அப்படிப் பேசியதே இல்லை. எனக்குத் தொண்டை கட்டினால் மேசையில் மிட்டாய் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிற மனிதர். பழி போட ஆள் தேவைப்பட்டது, பக்கத்தில் நின்றவரைப் பிடித்துக்கொண்டேன். அவரை விடுவித்துவிட்டேன். காலியான அந்த நாற்காலியில் வேறு யார் உட்கார வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

நடந்தது இதுதான். சோதனைக்கூடப் பொறியாளர் ஒருவர் இருக்கிறார். அலுவலகத்தில் அவருக்கு டொக்டொக் சார் என்று பெயர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு நாணயம் வைத்திருப்பார். ஃபிரேம், கதவு, மேசை, காபிக் கோப்பை, எதைக் கண்டாலும் தட்டிப் பார்ப்பார். கார்பன் நன்றாக இருந்தால் கணீரென்று கேட்கும். உள்ளே பிரிந்திருந்தால் மொத்தென்று கேட்கும். பழைய மாடலின் கையேடு அச்சுக்குப் போகிற அன்று மத்தியானம் அவர் ஒரு வாக்கியம் அனுப்பினார். "விழுந்த பிறகு" என்ற பகுதியில் மூன்றாவது குறிப்பாகச் சேர்க்கச் சொன்னார். நாணயத்தால் தட்டிப் பார்ப்பது பற்றிய வாக்கியம்.

பக்கம் நிரம்பியிருந்தது. அதைச் சேர்த்தால் மேலே இருந்த படத்தைச் சின்னதாக்க வேண்டும். பாறை மேல் சைக்கிள் தனியாக நிற்கிற படம். எனக்கு ரொம்பப் பிடித்த படம்.* எட்டு நிமிடம் யோசித்தேன். "அடுத்த பதிப்பில் சேர்த்துவிடலாம் சார்" என்று எழுதினேன். "சரிம்மா" என்று பதில் வந்தது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நானாகத்தான் செய்தேன்.

(* அந்தப் படம் இப்போதும் அழகாகத்தான் இருக்கிறது.)

5

தம்பி எலக்ட்ரீஷியன். லீவு நாளில் காட்டுப்பாதை என்றால் அவனுக்குப் பைத்தியம். அவன் ஓட்டிய அந்தப் பழைய மாடல் சைக்கிளும் நான் அலுவலகத்தில் சொல்லி வாங்கித் தந்ததுதான். என் கையேடுகளுக்கு முதல் வாசகன் அவன். அச்சுக்குப் போகும் முன் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். "இதை மனுஷங்க பேசுவாங்களா?" என்று அவன் கேட்கிற இடங்களைத் திருத்துவேன். டொக்டொக் சாரின் வாக்கியம் வந்தது அவனுக்குப் படித்துக் காட்டிய பிறகு. அதனால் அவன் அதைக் கேட்கவே இல்லை.

ஒரு வியாழக்கிழமை மாலை சின்னதாக விழுந்துவிட்டு வந்தான். முழங்கையில் சிராய்ப்பு. சைக்கிளின் அடிப்பக்கம் ஒரு கல்லில் மோதியிருந்தது. சைக்கிளைக் கூடத்துக்கே கொண்டுவந்து நிறுத்தி, சாப்பாட்டு மேசையில் என் கையேட்டை விரித்து வைத்துக்கொண்டான்.

"ஒண்ணு, ஈரத்துணியால துடைக்கணும். துடைச்சாச்சு. ரெண்டு, கீறல் விரிசல் இருக்கான்னு பார்க்கணும். பார்த்தாச்சு, ஒண்ணுமில்ல. மூணு, போல்ட்டு. இறுக்கியாச்சு. எழுதுன மகராசி நல்லா இருக்கட்டும்."

"கிண்டலாடா?"

"நெஜமாத்தான்க்கா. உலகத்துலயே இதைப் படிச்சுட்டு அதுபடி செய்யறவன் நான் ஒருத்தன்தான். உங்க ஆபீஸ்ல எனக்கு ஒரு சிலை வைக்கச் சொல்லு."

நான் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் கைப்பை நிறையச் சில்லறை இருந்தது. அந்த வாக்கியம் அப்போது எனக்கு நினைவுக்கு வந்ததா? வந்தது, சோம்பலில் விட்டுவிட்டேன் என்று எழுதினால் கதைக்குப் பொருத்தமாக இருக்கும். வரவில்லை. வெட்டிய வாக்கியத்தை நான் அன்றே மறந்துவிட்டேன். அவனோடு சேர்ந்து சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, நூறு தடவை இறங்கிய அதே பாறை, இடுப்பளவு உயரம்தான். இறங்கும்போது கீழ்க்குழாய் முறிந்து அவன் கழுத்து—

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.)

6

பதினான்கு மாதமாகிறது. நெஞ்சுக்குக் கீழே அவனுக்கு எதுவும் தெரியாது. தோள் அசையும், முழங்கை மடங்கும், விரல் மடங்காது. பிசியோதெரபிஸ்ட் வாரத்துக்கு மூன்று நாள் வருகிறார். அவன் மடிமேல் ஒரு தட்டை வைத்து, அதில் மூன்று நாணயத்தைப் போட்டு, ஒன்றையாவது எடுக்கச் சொல்கிறார். விரல் பயிற்சியாம். அவன் தட்டு முழுக்க அவற்றைத் தள்ளிக்கொண்டே இருப்பான். நகரும், கைக்கு வராது. அந்தச் சத்தம் கேட்கும்போது நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன்.

(இதை நான் கற்பனை செய்திருந்தால், நாணயம் ரொம்பப் பொருத்தமாக இருக்கிறதே என்று நானே அடித்து நீக்கியிருப்பேன். நான் கற்பனை செய்யவில்லை. அந்தப் பிசியோதெரபிஸ்ட் அம்மா எல்லா நோயாளிக்கும் அதைத்தான் போடுகிறார்.)

பார்க்க வருகிறவர்களிடம் அவன் ஒரே கதையைச் சொல்கிறான். "முன் பிரேக்கைத் தொட்டிருக்கக் கூடாது. ஒரு விரல்தான் வெச்சேன். அந்த ஒரு விரல்தான் என்னை இப்படிப் படுக்க வெச்சிருக்கு." அவன் விழுந்ததால்தான் ஃபிரேம் உடைந்தது என்று நம்புகிறான். ஃபிரேம் உடைந்ததால்தான் விழுந்தான். டொக்டொக் சார் உடைந்த கீழ்க்குழாயை அறுத்துப் பார்த்தார். வியாழக்கிழமை கல் பட்ட இடத்தில் அடுக்குகள் அன்றே பிரிந்திருந்தன. குடும்பத்துக்கென்று அறிக்கையின் ஒரு நகலை என்னிடம் கொடுத்தார்கள். அது என் அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் இருக்கிறது. "தட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும்மா" என்று மாடிப்படியில் வைத்து என்னிடம் சொன்னார் டொக்டொக் சார். அதன் பிறகு அவர் எதையும் தட்டுவதில்லை.

பதினான்கு மாதமாக என் தம்பி தன் விரலைத் திட்டிக்கொண்டிருக்கிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பழம் நறுக்கிக் கொடுக்கிறேன்.

7

புது மாடலின் கையேட்டை எழுதி முடித்துவிட்டேன். இந்தத் தடவை அந்தப் படம் இல்லை. மூன்றாவது குறிப்பு இருக்கிறது, மற்றதைவிடப் பெரிய எழுத்தில்.

அதை எடுத்துப் போய் அவனிடம் படிக்க வேண்டும் என்று எனக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. அவன்தான் கேட்டான். "என்னக்கா, இப்பல்லாம் எனக்குப் படிச்சே காட்டறதில்ல? வேலையை விட்டுத் தூக்கிட்டியா என்னை?" செவ்வாய்க்கிழமை மத்தியானம் படுக்கையோரம் உட்கார்ந்து படித்தேன். "விழுந்த பிறகு" பகுதி வந்தது. ஒன்று படித்தேன். இரண்டு படித்தேன். மூன்றைத் தாண்டி நாலுக்குப் போய்விட்டேன். குரல்கூட நடுங்கவில்லை. அவ்வளவு பழக்கம்.

"மூணு எங்க?"

"என்னது?"

"ஒண்ணு, ரெண்டு, நாலுன்னு படிக்கிற. மூணு எங்கக்கா?"

"அச்சுப்பிழைடா. நம்பர் மாறியிருக்கு."

அவன் சிரித்தான். தலையணையில் அவன் தலை மட்டும் ஆடியது. "நீயா? அச்சுப்பிழையா? கமா விட்டுப்போனாலே ரெண்டு நாள் சோறு எறங்காது உனக்கு. போய்த் தேடி எடுத்துட்டு வா. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முழுசா படி. எனக்கென்ன, நான் எங்க போகப்போறேன்?"

இந்தக் கதையிலும் மூன்று இல்லை என்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். அவன் மாதிரி சட்டென்று கேட்டிருந்தால் நீங்களும் நல்ல வாசகர்.

8

இன்று வெள்ளிக்கிழமை. மணி மூன்று ஐம்பது. முடிவுக்கு என்னிடம் பத்து நிமிடம் இருக்கிறது. அன்றைக்கு எட்டுதான் இருந்தது.

முதலில் இப்படி எழுதினேன். படிக்கிறேன், சொல்லிவிடுகிறேன், அவன் "அட விடுக்கா" என்கிறான். அவன் அப்படிச் சொல்லக்கூடியவன்தான். அதுதான் எனக்குப் பயம். அந்த இரண்டு சொல்லை வாங்கிக்கொண்டு நான் எழுந்து நடந்து போய்விடுவேன். அவன் அங்கேயேதான் கிடப்பான்.

அப்புறம் இப்படி எழுதினேன். படிக்கிறேன். "என்னைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுக்க வை" என்கிறான். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பிக்கொள்ளக்கூட அவனுக்கு என் கைதான் வேண்டும். தோளுக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை கொடுத்து நானே அவனை என்னிடமிருந்து திருப்பி—

(இதற்கு மேல் எழுத முடியவில்லை.)

இன்னொன்றும் இருக்கிறது. எண்களைச் சரிசெய்து, மூன்றை எடுத்துவிட்டு, மீதி ஐந்து குறிப்போடு வேறொரு தாள் அச்சிட்டுக்கொண்டு போய்ப் படிக்கலாம். அவனுக்குத் தெரியவே தெரியாது. அந்தத் தாளையும் தயாராக வைத்திருக்கிறேன் என்பதை உங்களிடம் மறைக்கவில்லை. இரண்டு தாளும் என் கையில் இருக்கின்றன. இரண்டும் ஒரே கனம்.

"அக்கா, மணி நாலாச்சு! மூணு கெடச்சுதா?"

இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு எழுந்து நிற்கிறேன். அறைக் கதவு திறந்துதான் இருக்கிறது. அவன் தலையைத் திருப்பி வாசலையே பார்க்கிறான்.

நான் எந்தத் தாளைப் படித்தேன் என்று சொல்லப் போவதில்லை. எதைப் படித்தாலும் அந்த முடிவை எழுதுகிற உரிமை எனக்கு இல்லை. ஆனால் அவன் கேட்டுவிட்டான், யாராவது பதில் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் நான் விட்டுவிட்ட பகுதி கீழே இருக்கிறது. அதை நீங்கள் படியுங்கள். மனசுக்குள் வேண்டாம். அடுத்த அறைக்குக் கேட்கிற மாதிரி, சத்தமாக.

3

விழுந்த பிறகு, கண்ணுக்கு எந்த விரிசலும் தெரியாவிட்டாலும், ஒரு நாணயத்தால் ஃபிரேமின் எல்லாக் குழாய்களையும் மெதுவாகத் தட்டிக் கேளுங்கள். ஓர் இடத்திலாவது ஓசை மழுங்கினால், தயவுசெய்து அந்தச் சைக்கிளில் ஏறாதீர்கள்.